திறக்கும் முன் குலுக்கவும்

ஜனவரி 3, வெள்ளி

டப்பா சப்ளை செய்யும் கம்பெனிக்காரர் கொடுத்த டைரி. போன வருடமும் இதே நீல அட்டைதான். அதைச் சிந்துஜா எடுத்துக்கொண்டாள்.

எழுதினால் தூக்கம் வரும் என்று டாக்டர் சொன்னார். தெரியாத ஒருவருக்குச் சொல்வதுபோல எழுதுங்கள் என்றார். சரி.

பெயர் தினகர். வயது முப்பத்தொன்று. உணவுத் தொழில்நுட்பம் படித்தேன். பொள்ளாச்சிக்கு வெளியே, தேங்காய்ப்பாலை டப்பாவில் அடைத்து வெளிநாட்டுக்கு அனுப்பும் ஆலையில் வேலை. டப்பாவின் முதுகில் ஒரு சின்னக் கட்டம் இருக்கும். நூறு மில்லியில் எரிசக்தி 169 கலோரி, கொழுப்பு 17 கிராம், புரதம் 1.5, மாவுச்சத்து 2.5, கொலஸ்ட்ரால் இல்லை. அந்தக் கட்டம் பொய் சொல்லாமல் பார்த்துக்கொள்வது லேபில் இருப்பவர்களின் வேலை. லேபில் இரண்டு பேர் இருந்தோம், நானும் என் மனைவி சிந்துஜாவும். இப்போது நானும், நவம்பரில் சேர்ந்த ஒரு பெண்ணும். பெயர் ஷாலினி.

இன்று மூன்று பேட்ச். கொழுப்பு 17.4, 16.9, 17.1.

சாப்பிட்டது: பன் இரண்டு, டீ மூன்று. ஐந்நூறு கலோரி இருக்கலாம்.

ஜனவரி 4, சனி

துணி துவைத்தேன். காயவில்லை.

ஜனவரி 6, திங்கள்

லேபில் கண்ணாடிச் சாமான் கழுவுவது பூவாத்தா அக்கா. பதினெட்டு வருடமாக இங்கே இருக்கிறார். மதியம் நான் பன்னைப் பிரித்தபோது பக்கத்தில் வந்து நின்றார்.

"ஏந்தம்பி, ஊருக்கெல்லாம் எதுல எத்தன சத்துன்னு அளந்து சொல்றீங்க. இந்தப் பன்னுல என்னங் தம்பி இருக்குது?"

"மாவுச்சத்துங்க்கா."

"காத்துங். அமுக்கிப் பாருங்க."

தன் டப்பாவிலிருந்து ஒரு கரண்டி தக்காளி சாதத்தை என் பேப்பர்மேல் வைத்துவிட்டுப் போனார். சாப்பிட்டேன். உப்பு இருந்ததா என்று கேட்டார். தெரியவில்லை என்றேன்.

நாலு மணிக்கு ஜெயபிரகாஷ் சார் கூப்பிட்டார். தரக்கட்டுப்பாட்டுக்குத் தலைவர் அவர்தான். வெளிநாட்டிலிருந்து புகார். பனி கொட்டும் ஊர், பெரிய வாடிக்கையாளர். போன வருடம் அனுப்பிய சரக்கில் ஒரு பேட்சை இந்த மாதம் அவர்கள் லேபில் சோதித்திருக்கிறார்கள். கட்டத்தில் கொழுப்பு 17, அவர்களுக்கு வந்தது 11.2. சரக்கைக் கடைகளுக்கு விடாமல் நிறுத்தி வைத்திருக்கிறார்கள். இருபதாம் தேதிக்குள் எழுத்தில் காரணம் வேண்டுமாம்.

பேட்ச் தேதியைப் பார்த்தேன். மார்ச் 13.

ஜனவரி 7, செவ்வாய்

ஒவ்வொரு பேட்சிலிருந்தும் மூன்று டப்பா எடுத்து லேபிலேயே ஒரு இரும்பு அலமாரியில் வைப்போம். ஆறாம் மாதம் ஒன்று, பன்னிரண்டாம் மாதம் ஒன்று, இருபத்துநான்காம் மாதம் ஒன்று என்று திறந்து சோதித்துப் பதிவேட்டில் எழுத வேண்டும். நாளைக்கு யாராவது குறை சொன்னால் நம்மிடமும் அதே சரக்கு இருக்க வேண்டும் அல்லவா, அதற்காக.

எடுத்து வைப்பவர் மூடியில் அழியாத மார்க்கரால் பேட்ச் எண்ணையும் தேதியையும் எழுதுவார். சிந்துஜா ஓரத்தில் ஒரு அம்புக்குறியும் போடுவாள். மேலே ஒரு முனை, கீழே ஒரு முனை. குலுக்கு என்று அர்த்தம். நான் சில சமயம் குலுக்காமல் திறந்துவிடுவேன் என்று எனக்காகப் போட ஆரம்பித்தது.

மார்ச் 13 டப்பாக்கள் கீழ்த்தட்டில் இருக்கின்றன. மூன்றும் ஒரே வரிசை. மூன்றிலும் அம்புக்குறி.

அலமாரியைத் துடைத்தேன். பூட்டினேன்.

ஜனவரி 8, புதன்

பதிவேட்டை எடுத்துப் பார்த்தேன்.

மார்ச் 13, சோதித்தவர் சிந்துஜா: கொழுப்பு 17.3, 17.2.
செப்டம்பர் 13, ஆறாம் மாதச் சோதனை, சோதித்தவர் தினகர்: 17.1.

எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது.

பன் ஒன்று. டீ நான்கு. சர்க்கரை போட்டேனா என்று நினைவில்லை.

ஜனவரி 9, வியாழன்

ஜெயபிரகாஷ் சார் லேபுக்கே வந்தார். ஷாலினியை வெளியே அனுப்பிவிட்டு ஒரு படிவத்தை நீட்டினார். ஏற்கெனவே டைப் அடித்திருந்தது. அப்படியே எழுதுகிறேன்.

'மூல காரணம்: பரிசோதனை செய்தவர் உடல்நலம் குன்றிய நிலையில், மாதிரியைச் சரியாகக் கலக்காமல் மேல்பகுதியிலிருந்து எடுத்ததால் கொழுப்பு அளவு கூடுதலாகப் பதிவானது. தவிர்ப்பு நடவடிக்கை: மேற்படி ஊழியர் தற்போது பணியில் இல்லை.'

தற்போது பணியில் இல்லை.

"நம்ம டப்பா ஒண்ணத் தொறந்து பாத்துட்டு எழுதலாங்களே சார்" என்றேன்.

"பாத்துட்டு? பதினேழு வந்துச்சுன்னா, உன்ற லேபு தப்புன்னு அவனுக்குச் சொல்றதா? வருசத்துக்கு நாப்பது கன்டெய்னர் எடுக்கறவன் தினகர். கட்டத்துமேல புது ஸ்டிக்கர் ஒட்டிக்கறேங்கறான். காரணம் மட்டும் கேக்கறான். குடுத்துட்டா முடிஞ்சுது."

அவர் என்னைத் தாண்டிப் போய் அலமாரியைத் திறந்தார். கீழ்த்தட்டைக் குனிந்து பார்த்தார். விரலால் ஒவ்வொரு மூடியாகத் தொட்டார். அப்புறம் மேசையில் விரித்திருந்த பதிவேட்டைப் பார்த்தார்.

"பதிவேட்டுப்படி ரெண்டு இருக்கோணும்" என்றார்.

பீக்கர் கழுவும் சத்தம் நின்றது.

"நான் எண்ணல தினகர். புரியுதுங்களா? நான் எண்ணவே இல்ல. புதுசா தொறந்தா எத்தன தொறந்தோம், எத்தன மிச்சம்னு அவனுக்குப் போட்டோ அனுப்போணும். இந்தப் படிவத்துல அந்தப் பேச்சே வராது." கதவருகே நின்று தோளைத் தட்டினார். "இல்லாதவங்க பேருல எழுதுனா யாருக்கும் ஒண்ணும் ஆகப்போறதில்ல. இருக்கறவங்களத்தான் நான் பாக்கோணும்."

நல்ல மனிதர். மார்ச்சில் மருத்துவமனையில் இரண்டு நாளும் கூட இருந்தார்.

படிவத்தை மேசை டிராயரில் வைத்தேன். இன்னும் கையெழுத்துப் போடவில்லை.

பூவாத்தா அக்கா கிளம்பும்போது சொன்னார்: "அந்த அம்மிணி ஒரு கொப்பரைத் துண்டக்கூட ரெண்டு தடவ எட போடுமுங் தம்பி."

ஜனவரி 10, வெள்ளி

ஏழு பேட்ச். எல்லாம் 17க்குப் பக்கத்தில்.

ஜனவரி 12, ஞாயிறு

மாமா வந்தார். சிந்துஜாவின் அப்பா, நாச்சிமுத்து. கோட்டூர்ப் பக்கம் மூன்று ஏக்கர் தோப்பு. மாதம் ஒரு தடவை மொபெட்டில் பத்துத் தேங்காயோடு வருகிறார். போன மாதத்துத் தேங்காய் அப்படியே இருந்ததைப் பார்த்தார். புதியதைப் பக்கத்தில் அடுக்கினார். இந்த வருடம் எங்கள் இரண்டு வீட்டிலும் பொங்கல் இல்லை.

அலமாரியில் கிடந்த எங்கள் ஆலை டப்பா ஒன்றை எடுத்து, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, முதுகைத் திருப்பிப் பார்த்தார்.

"ஏனுங் மாப்ள, இந்தக் கட்டத்துல எழுதியிருக்கறதெல்லாம் நெசந்தானுங்களா?"

"நெசந்தானுங் மாமா."

"கொழுப்புப் பதனேழு. அத நீங்க மிசினுல போட்டுக் கண்டுபுடிக்கோணும். எனக்கு எவ்ளோ கொழுப்புன்னு உங்க அத்தை சும்மாவே சொல்லிப்போடுவா."

நான் சிரிக்க வேண்டிய இடம். கொஞ்சம் தாமதமாகச் சிரித்தேன் என்று நினைக்கிறேன்.

"துருவிப் புழிஞ்சா பாலு. அன்னிக்கே குடிச்சுப்போடோணும். டப்பாவுல அடச்சு ரெண்டு வருசம் வெச்சா அது பாலா, மருந்தான்னு சிந்துகிட்டக் கேட்டிருக்கறன். அட போங்கப்பா, சத்து அப்புடியேதான் இருக்கும், வேணும்னா அளந்து காட்டறேன்னு சண்டைக்கு வருவா."

டப்பாவை எடுத்த இடத்திலேயே வைத்தார். டீ போட்டுக் கொடுத்தேன். டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு, ஜன்னலைப் பார்த்தபடி கேட்டார்.

"அத்தை கேக்கச் சொன்னாளுங். பத்து மாசமா இதேதான் மாப்ள, தூங்க மாட்டீங்கறா. அன்னிக்கு, வேலைக்குப் போன அன்னிக்கு, தல வலிக்குதுன்னு புள்ள உங்ககிட்டச் சொல்லுச்சுங்களா?"

"தெரியலீங் மாமா" என்றேன். "எங்கிட்ட எதும் சொல்லல."

"செரிங்" என்றார். "சொல்லியிருந்தா உட்டிருப்பீங்களா. நானும் அதத்தான் அவகிட்டச் சொன்னேன்."

டீயைக் குடித்து முடித்து, டம்ளரைத் தானே கழுவி வைத்துவிட்டுப் போனார்.

ஜனவரி 14, செவ்வாய்

பொங்கல். லீவு. பக்கத்து வீட்டில் கொடுத்த பொங்கலை வாங்கிக்கொண்டேன். வாங்கக்கூடாது என்று அப்புறம்தான் நினைவு வந்தது.

ஜனவரி 16, வியாழன்

படிவம் இன்னும் டிராயரில். நாலு நாள் இருக்கிறது. ஜெயபிரகாஷ் சார் நடையில் பார்த்து, "என்னாச்சு?" என்று கண்ணாலேயே கேட்டார்.

எழுதிவிடுகிறேன். டாக்டர் கேட்டதற்காக அல்ல.

மார்ச் 13, புதன்கிழமை. காலை பத்தரை. நான் லோடிங்கில் நின்றிருந்தேன். லேபிலிருந்து போன் செய்தாள்.

"தல இடிக்குதுங்க. கண்ணத் தொறக்கவே முடியல. வீட்டுக்குப் போலாமா?"

நாலு மணிக்குக் கன்டெய்னர் கிளம்ப வேண்டும். அந்த ஒரு பேட்சுக்கு ரிசல்ட் வரவில்லை. நான் சொன்னது: "அத மட்டும் முடிச்சிரு சிந்து. சாயந்தரம் போய்க் காட்டிக்கலாம்."

"செரி" என்றாள்.

சாயந்தரம் மருந்துக்கடையில் மாத்திரை வாங்கினோம். காட்டவில்லை. அவள்தான் காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்றாள். இல்லை, நான்தான் சொன்னேன். பதினான்காம் தேதி காலை குளியலறையில் விழுந்தாள். மூளையில் ரத்தக்குழாய் வெடித்திருந்தது. பதினைந்தாம் தேதி. ஒரு நாள் முன்னால் வந்திருந்தால் என்று நான் டாக்டரிடம் கேட்கவில்லை. கேட்டால் பதில் சொல்லிவிடுவார்.

செப்டம்பர் 13 அன்று டப்பாவை எடுத்தேன். கையில் வைத்துக்கொண்டு நின்றேன். திறந்து, பதினேழு வராமல் பதினான்கு வந்தால்? அந்த வலியில் கண் தெரியாமல் அவள் ஏதோ ஒரு எடையை எழுதியிருந்தால்? டப்பாவைத் திரும்ப வைத்துவிட்டுப் பதிவேட்டில் 17.1 என்று எழுதினேன். அவளுடைய எண்ணையே எழுதினால் சந்தேகம் வரும். கொஞ்சம் குறைத்தால் உண்மைபோல இருக்கும். இதுவும் படித்த படிப்புதான்.

சாப்பிட்டதை எழுதவில்லை. சாப்பிடவில்லை.

போகும்போது மூன்றில் ஒரு டப்பாவை எடுத்து லேப் ஃபிரிட்ஜில் வைத்தேன்.

ஜனவரி 17, வெள்ளி

ஏழரைக்கே போய்விட்டேன். பூவாத்தா அக்கா மட்டும் இருந்தார்.

"அக்கா, இன்னிக்கு நான் பண்றதக் கொஞ்சம் கூட நின்னு பாக்கறீங்களா?"

"எனக்கு என்னங் தம்பி தெரியும்?"

"எத்தன டப்பா தொறந்தேன்னு எண்ணத் தெரியுமில்லீங்க்கா."

ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வந்து நின்றார்.

தேங்காய்ப்பால் குளிர்ந்தால் பிரியும். கொழுப்பு மேலே கட்டியாக ஏறிவிடும், அடியில் தண்ணீராக நிற்கும். அதனால்தான் முதலில் வெந்நீரில் வைத்து, குலுக்கி, ஒன்றாகக் கலந்தபின் எடுக்க வேண்டும். பனி கொட்டும் ஊரில், கிடங்கிலிருந்து எடுத்த டப்பாவை அப்படியே திறந்தால் என்ன ஆகும்? ஆறாம் தேதியே இது எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். தோன்றியது. தோன்றாததுபோல இருந்துவிட்டேன்.

ஃபிரிட்ஜில் வைத்த டப்பாவைக் குலுக்காமல் திறந்தேன். மேலே விரல் தடிமனுக்கு வெள்ளைக் கட்டி. அதை உடைத்து ஓட்டை போட்டு, ஓட்டை வழியாக ஊற்றி எடுத்தேன். சமையல்காரர்கள் செய்வதுபோல. அவசரக்காரர்கள் செய்வதுபோல.

இரண்டாவது டப்பாவை நாற்பது டிகிரி நீரில் அரைமணி நேரம் வைத்தேன். துடைத்தேன். குலுக்கினேன். எவ்வளவு நேரம் குலுக்கினேன் என்று தெரியவில்லை.

"போதுமுங் தம்பி" என்றார் அக்கா.

ஈதரில் கொழுப்பைப் பிரித்து, அடுப்பில் உலர்த்தி, ஆறவைத்து எடை போட மதியம் மூன்றரை ஆகிவிட்டது. நடுவில் ஷாலினி வந்து பார்த்துவிட்டு, எதுவும் கேட்காமல் அன்றைய பேட்சுகளைத் தானே எடுத்துக்கொண்டாள்.

குலுக்காதது: 11.3.
குலுக்கியது: 17.2, 17.2.

தராசின் எண்ணைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அவள் எழுதியது சரி. கண்ணைத் திறக்க முடியாத அந்தக் காலையில் வெந்நீரில் வைத்து, குலுக்கி, இரண்டு தடவை எடை போட்டு, சரியாக எழுதியிருக்கிறாள். மூன்று மூடியிலும் எனக்கு அம்புக்குறியும் போட்டிருக்கிறாள்.

தப்பு இருந்திருந்தால் அவளுக்கு எவ்வளவு வலித்தது என்று ஒரு அளவாவது கிடைத்திருக்கும். தப்பே இல்லை.

"பாலு நல்லாத்தான இருக்குது, இதையும் சிங்க்குல ஊத்தறீங்களா?" என்று அக்கா கேட்டார். லேபில் திறந்ததை வெளியே எடுத்துப்போகக் கூடாது. குலுக்கிய டப்பாவில் மிச்சம் இருந்ததை ஒரு பாட்டிலில் ஊற்றி வீட்டுக்குக் கொண்டுவந்தேன். ஃபிரிட்ஜில் இருக்கிறது.

ஜனவரி 18, சனி

அறிக்கையை நானே எழுதி ஜெயபிரகாஷ் சாரிடம் கொடுத்தேன். இரண்டு மூடிகளையும் ஒரு கவரில் போட்டு இணைத்திருந்தேன். கடைசிப் பத்தி: 'செப்டம்பர் 13 அன்று ஆறாம் மாதச் சோதனையை நான் செய்யவில்லை. 17.1 என்ற அளவு நானே எழுதியது.'

படித்தார். கண்ணாடியைக் கழற்றினார்.

"இந்தப் பத்தி எதுக்குங்க தினகர்?"

"இது இல்லாம டப்பாக் கணக்கு இடிக்கும் சார்."

"உங்க வேலையே போயிருமப்பா."

"தெரியுங் சார்."

"அந்தப் புள்ள பேரக் காப்பாத்தி என்ன ஆகப்போவுது? அது வந்து பாக்கப்போவுதா?"

"அவ போட்டது சரிங் சார்."

நெடுநேரம் அவர் அந்தக் கவரையே தடவிக்கொண்டிருந்தார். பிறகு டைப் அடித்த பழைய படிவத்தை என்னிடம் கேட்டு வாங்கி, நாலாக மடித்துத் தன் பையில் வைத்துக்கொண்டார்.

ஜனவரி 19, ஞாயிறு

மாமாவை நானே போன் செய்து வரச் சொன்னேன். பத்து மாதத்தில் முதல் தடவை. பயந்துபோய் வந்தார். கையில் தூக்குப்போசி. அத்தை சந்தகை, எங்கள் பக்கத்து இடியாப்பம், பிழிந்து கொடுத்தனுப்பியிருந்தார்.

"பால் புழியறதுக்குள்ள கெளம்பிட்டேனுங். தேங்கா இருக்குதில்ல, துருவிக்கலாம்" என்றார்.

"உக்காருங் மாமா" என்றேன். அவர் உட்காரவில்லை. நின்றுகொண்டே இருந்தார். நானும் நின்றுகொண்டே சொன்னேன்.

"அன்னிக்குச் சொன்னா மாமா. தல வலிக்குது, வீட்டுக்குப் போலாமான்னு கேட்டா. வேலைய முடிச்சிட்டு வான்னு நாந்தான் சொன்னேன். உங்ககிட்டப் போன வாரம் பொய் சொன்னேன்."

அவர் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டார். தெருவில் கீரைக்காரி கூவிக்கொண்டு போனாள். தெருக்கோடி வரை அவள் குரல் கேட்டது.

"முடிச்சாளா?" என்று கேட்டார்.

புரியவில்லை.

"அந்த வேலைய. முடிச்சாளா?"

"முடிச்சாங் மாமா. சரியா முடிச்சா." பாட்டிலை எடுத்துக் காட்டினேன். "இது அன்னிக்கு அவ எடுத்து வெச்ச டப்பாங்."

வாங்கிப் பார்த்தார். மேலே கட்டியாகப் பிரிந்து நின்றது. என்னிடம் திருப்பிக் கொடுக்காமல் அவரே அடுப்படிக்குப் போய், ஒரு பாத்திரத்தில் வெந்நீர் வைத்து, பாட்டிலை அதில் நிறுத்தினார். இளகியதும் எடுத்துக் குலுக்கினார். இரண்டு தட்டில் சந்தகையை வைத்து, சர்க்கரை தூவி, பாலை ஊற்றினார்.

சாப்பிட்டோம். தட்டில் மிஞ்சியதை அவர் இரண்டு கையாலும் தூக்கிக் குடித்தார். முகம் தட்டுக்குப் பின்னால் வெகுநேரம் இருந்தது.

போகும்போது எப்போதும் சொல்லும் "வர்றனுங் மாப்ள" சொல்லவில்லை. மொபெட்டைக் கிளப்பியபின், என்னைப் பார்க்காமல் சொன்னார்.

"அத்தைகிட்ட நானே சொல்றனுங். நீங்க சொல்ல வேண்டாம்."

ஆளுக்கு நூறு மில்லி இருக்கும். 169 கலோரி. இனிப்பாக இருந்தது.

ஜனவரி 29, புதன்

வாடிக்கையாளரிடமிருந்து பதில். வெதுவெதுப்பாக்கிக் கலந்து மறுபடி சோதித்தார்களாம். 16.9. சரக்கை விடுவித்துவிட்டார்கள். வருத்தம் தெரிவித்து ஒரு வரி. யாரிடம் என்று இல்லை.

எனக்கு எச்சரிக்கைக் கடிதம். ஆறு மாதத்துக்குப் பதிவேட்டில் நான் கையெழுத்துப் போடக்கூடாது. ஷாலினி போடுவாள். நான் சாமான் எடுத்துக் கொடுக்கலாம். வேலை போகவில்லை. ஜெயபிரகாஷ் சார் மேலே என்ன பேசினார் என்று சொல்லவில்லை.

பிப்ரவரி 16, ஞாயிறு

மாமா வரவில்லை. தேங்காய் மட்டும் பஸ்ஸில் வந்தது. பத்து.

ஒன்றை உடைத்தேன்.

மார்ச் 13, வியாழன்

பன்னிரண்டாம் மாதச் சோதனை. மூன்றாவது டப்பா, கடைசி. திறந்துவிட்டால் இருபத்துநான்காம் மாதத்துக்கு இருக்காது. பதிவேட்டில் அதற்கான இடத்தில் ஷாலினி காரணம் எழுதிவிட்டாள்.

வெந்நீரிலிருந்து எடுத்து மூடியைத் துடைத்தாள். "இந்த அம்புக்குறி என்னங் சார்?" என்று கேட்டாள்.

"குலுக்கச் சொல்றாங்கம்மா."

குலுக்கினாள். நான் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். மூன்று மணிக்கு எடை வந்தது. 17.2, 17.1. கையெழுத்துப் போட்டுத் தேதி எழுதினாள்.

கிளம்பும்போது பூவாத்தா அக்கா கூப்பிட்டார். கழுவிய பீக்கர்களுக்கு நடுவே, அந்த மூடியையும் தேய்த்துக் கவிழ்த்து வைத்திருந்தார்.

"எடுத்துட்டுப் போங்க தம்பி. ரெண்டு தடவ சோப்புப் போட்டுப் பாத்துட்டேன். எழுத்துப் போவ மாட்டீங்குது."